எண்ணப் போனால் கலையும் கூட்டம்: இளம் மீன்களை ஒலியால் அறிதல்

(அனுப்பம்பட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தபின், கரையோரக் கோரைக்கு நடுவே செம்மஞ்சளாக ஒரு திட்டு மேலே வரும்; சலசலவென்று குமிழி விடும்; மறுபடி முங்கிவிடும். காட்டூர் ஏரியிலோ தத்தமஞ்சி ஏரியிலோ இதைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. அது விரால் குஞ்சுகளின் கூட்டம். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் காவலையே பயன்படுத்தி, குஞ்சுத் திட்டின் நடுவில் தூண்டிலைப் போட்டுப் பெரிய விராலைச் சீண்டிப் பிடிக்கிறவர்களும் உண்டு. காவல் போன குஞ்சுகள் அதன்பின் எத்தனை நாள் தாங்கும் என்பதை அவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை.

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். குஞ்சுப் பருவத்திலேயே மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டும். அதனால்தான் அதன் கூட்டம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. கட்லா, ரோகு, கெண்டை, கெளுத்தி, முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறும் மடவை, பால்மீன் ஆகியவற்றின் குஞ்சுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவை கலங்கல் நீருக்குள் கூடுகின்றன, பிரிகின்றன, மறுபடி கூடுகின்றன. எத்தனை இருக்கின்றன, எப்போது கூடுகின்றன, இருட்டியபின் என்ன செய்கின்றன? இந்த மூன்று கேள்விகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். மூன்றுக்கும் ஒரே கருவி விடை சொல்லும் என்று நம்பிக்கொண்டு சோனார் வாங்கப் போகிறவர்களை எச்சரிப்பதும் என் நோக்கம்.

வெள்ளம் வந்த பிறகு ஆரணி ஆற்று நீரில் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. அந்த நீரில் கேமராவுக்கு வேலையில்லை. ஒலிக்கு அந்தக் கலங்கல் ஒரு பொருட்டே அல்ல. 30 டிகிரி வெப்பத்தில் நன்னீருக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடுகிறது. காற்றில் ஓடுவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். இதை முதன்முதலில் ஒழுங்காக அளந்த இடமும் ஒரு நன்னீர் ஏரிதான். 1826-இல் ஜெனீவா ஏரியில் கொலாடனும் ஸ்டர்மும் இரண்டு படகுகளில் போனார்கள். ஒரு படகில் நீருக்குள் மணி அடிக்கும். அதே கணத்தில் மேலே வெடிமருந்து பளிச்சிடும். பதின்மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மற்றப் படகில் நீருக்குள் குழாயை விட்டுக் காது வைத்திருந்தவர், ஒளியைக் கண்டதற்கும் ஒலியைக் கேட்டதற்கும் இடையிலான நேரத்தைக் குறித்தார். குளிர்ந்த ஏரி என்பதால் அவர்களுக்குக் கிடைத்த விடை நொடிக்கு 1,435 மீட்டர். இன்றைய கணக்கிலிருந்து அது பெரிதாக விலகவில்லை.

பிந்திய வரலாறு பலருக்குத் தெரிந்ததே. 1912-இல் டைட்டானிக் முழுகியதும் பனிப்பாறையை ஒலியால் கண்டறியும் முயற்சிகள் தொடங்கின. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடப் பிரான்சில் லாஞ்சவான் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு மீயொலியை எழுப்பினார். மீன்பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான். 1929-இல் ஜப்பானில் கிமுரா ஒரு மீன் வளர்ப்புக் குளத்தில் ஒலியைப் பாய்ச்சி மீன் கூட்டத்தை உணர முடிந்ததை வெளியிட்டார். 1935-இல் நார்வேயின் ஆஸ்கர் சுண்ட், லொஃபோட்டன் கடலில் காட் மீன் கூட்டம் எதிரொலியைப் பதியும் தாளில் ஒரு பட்டையாகப் பதிந்திருந்ததை 'நேச்சர்' இதழில் அச்சிட்டார். கடல் மீன் ஆய்வின் வரலாற்றில் அந்தப் படம் பெரிய பெயர் பெற்றது. முதலில் வந்தது குளம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளத்துக்காரன் என்ற முறையில் நான் மறப்பதில்லை.

நம் நாட்டில் இந்த நுட்பம் பெரிய அளவில் இறங்கியது மேற்குக் கடலில். ஐ.நா. உதவியுடன் கொச்சியை மையமாகக் கொண்டு 1971-இல் தொடங்கிய மேல்மட்ட மீன்வளத் திட்டத்தில், 'ராஸ்ட்ரெல்லிகர்' என்ற ஆய்வுக் கப்பல் கீழ்நோக்கி ஒலி பாய்ச்சும் சோனாரான எதிரொலிமானியோடு தென்மேற்குக் கரை நெடுக ஓடியது. சாளையும் அயிலையும் தேடிப் போன அந்தத் திட்டம், நெத்திலி அவ்வளவு ஏராளமாக இருப்பதையும், தென்மேற்குப் பருவக்காற்றின்போது அது மன்னார் வளைகுடாப் பக்கம் திரள்வதையும் கண்டு சொன்னது. பிற்பாடு 1984-இல் 'சாகர் சம்பதா' வந்தது. இவை எல்லாம் கடல் கதைகள். ஏரிக்கும் கழிமுகத்துக்கும் வரும்போது கணக்கு வேறாகிவிடுகிறது.

ஒலி என்றதும் மட்டக்களப்புக்காரர்கள் பாடும் மீன் நினைவுக்கு வந்து புன்னகைப்பார்கள். நிலா நாளில் கல்லடிப் பாலத்தருகே துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது அங்கே பழைய வழக்கம். அது நீர் தானாக எழுப்பும் ஒலியைக் கேட்பது. சோனார் தன் ஒலியைத் தானே எழுப்பி, திரும்பி வருவதைக் கேட்கிறது. இரண்டாவது முறையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். முதலாவதற்குத் தனியாக ஓர் உரை வேண்டும். அதற்கு மட்டக்களப்பிலிருந்தே ஒருவரை அழைப்பது மரியாதை.

இனி விஷயத்துக்கு வருவோம். நீருக்குள் பாய்ந்த ஒலி எதில் பட்டுத் திரும்புகிறது? மீனின் தசை ஏறக்குறைய நீரைப் போன்றதே. ஒலி அதற்குள் புகுந்து போய்விடும். எலும்பும் செதிலும் கொஞ்சம் திருப்பும். உண்மையாகத் திருப்புவது வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. காற்றுப்பை உள்ள மீனிலிருந்து வரும் எதிரொலியில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அந்தப் பையினுடையது. ஆகவே திரையில் நாம் காணும் ஒவ்வொரு புள்ளியும் மீனின் உருவம் அன்று. மீனுக்குள் அடைபட்ட ஒரு சிட்டிகைக் காற்று.

இதிலிருந்து குஞ்சுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் வருகிறது. பொரித்த அன்றே மீன் குஞ்சுக்குக் காற்றுப்பை நிரம்பியிருப்பதில்லை. கெண்டை இனங்களில் மஞ்சள் கரு கரைந்து முடியும் சமயத்தில், மூன்று நான்கு நாளில், பை காற்றால் நிரம்பிக் குஞ்சு நிமிர்ந்து நீந்தத் தொடங்கும். பண்ணைகளில் நுண்மீன் குஞ்சு என்று அளந்து விற்பது அந்தப் பருவத்தில்தான். அதற்கு முந்தைய குஞ்சு ஒலிக்கு ஏறத்தாழ இல்லாத பொருள். கோடி குஞ்சு பொரித்த குளத்தின் மேல் எதிரொலிமானியை ஓட்டினாலும் முதல் இரண்டு நாள் திரை வெறுமையாகவே இருக்கும். குளம் செத்துவிட்டது என்று மாணவர்கள் அறிக்கை எழுதிவிடக் கூடாது.

கெண்டை, கெளுத்தி வகைகளில் இன்னொரு சங்கதி உண்டு. அவற்றின் காற்றுப்பையிலிருந்து உட்செவி வரைக்கும் சிற்றெலும்புகள் ஒரு சங்கிலியாகக் கோத்திருக்கும். 1820-இல் வெபர் என்ற ஜெர்மானியர் இதை விவரித்தார். பை அதிர்ந்தால் எலும்பு அதிரும், காது கேட்கும். நமக்கு எதிரொலி தருகிற அதே உறுப்பால்தான் மீன் உலகத்தைக் கேட்கிறது. அப்படியானால் நம் கருவியின் சத்தத்தில் குஞ்சுகள் கலைந்துவிடாதா என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. கெண்டை இனங்களின் செவி சில கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஏரி ஆய்வில் பயன்படும் கருவிகள் 70, 120, 200 கிலோ ஹெர்ட்ஸ் என்ற அளவில் ஒலிக்கின்றன. அவை அவற்றின் காதில் விழுவதில்லை. சாளைக் குடும்பத்தில் மட்டும் விதிவிலக்கு உண்டு. அமெரிக்க ஷாட் மீன் 180 கிலோ ஹெர்ட்ஸ் வரை உணர்கிறது என்று 1997-இல் மானும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். ஷாடுக்கு உறவான மீன்கள் நம் கழிமுகங்களிலும் உண்டு என்பதால் இங்கே கருவி இறக்குகிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மற்றபடி குஞ்சுகளைக் கலைப்பது பெரும்பாலும் சோனார் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு வரும் படகின் இயந்திரம்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். குஞ்சு பிறந்ததுமே கூட்டமாக நீந்துவதில்லை, அந்தப் பழக்கம் வளர வளர வருகிறது. ஈவ்லின் ஷா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளிப்பக்க மீன் குஞ்சுகளை வைத்து இதை நாள் நாளாகப் பார்த்தார். அரைச் சென்டிமீட்டர்க் குஞ்சுகள் ஒன்றையொன்று நெருங்கும், உடனே விலகி ஓடும். ஒரு சென்டிமீட்டரை எட்டும்போது பக்கத்துக் குஞ்சுக்கு இணையாகத் தலையைத் திருப்பி, சேர்ந்து நகரப் பழகிவிடும். முதலில் கண்ணைக் கொண்டு. பெரிய மீன்களில் கண் மட்டும் இல்லை என்பதை 1976-இல் பிட்சர், பார்ட்ரிட்ஜ், வார்டில் மூவரும் காட்டினார்கள். சேய்த் என்ற மீனின் கண்களைத் தற்காலிகமாக மறைத்துக் கூட்டத்தில் விட்டார்கள்; அது இடம் பிசகாமல் கூடவே நீந்தியது. உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு அண்டை மீனின் வாலசைவை நீரின் அழுத்தமாக உணர்ந்துகொள்கிறது. பிற்பாடு அந்தக் கோட்டைத் துண்டித்தும் பார்த்தார்கள். மீன் கூட்டத்தைவிட்டுப் போகவில்லை. ஆனால் அண்டை மீனோடு வைத்துக்கொள்ளும் இடைவெளி மாறிவிட்டது.

இவை கண்ணாடித் தொட்டியில், தெளிந்த நீரில் கண்டவை. ஏரியில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனபோதுதான் சோனார் வந்தது. அது வந்ததும் ஒரு சங்கடமும் கூடவே வந்தது. நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இதுவே என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

சாதாரண அறிவியல் எதிரொலிமானி பத்தாயிரத்தில் ஒரு நொடி நீளமுள்ள ஒலித்துடிப்பை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 1,500 மீட்டர் என்றால் அந்தத் துடிப்பு நீருக்குள் 15 சென்டிமீட்டர் நீளம். அதில் பாதி, ஏழரைச் சென்டிமீட்டருக்குள் மேலும் கீழுமாக இரண்டு மீன் நின்றால் கருவி அவற்றைப் பிரித்துக் காட்டாது, ஒன்றாகவே காட்டும். இரண்டு சென்டிமீட்டர்க் குஞ்சுகள் கூட்டத்தில் தங்கள் உடல் நீளம் அளவே இடைவெளி விட்டு நிற்கின்றன. ஏழரைச் சென்டிமீட்டருக்குள் அடுக்கடுக்காக எத்தனையோ குஞ்சு இருக்கும். ஆகவே பகலில் கூட்டமாக நிற்கும்போது திரையில் ஒரு மேகம் தெரியும். அதன் விளிம்பைக் காணலாம், உயரத்தை அளக்கலாம், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கலாம். எண்ண முடியாது. மொத்த எதிரொலியை ஒரு குஞ்சின் எதிரொலியால் வகுத்தால் எண்ணிக்கை வரும் என்பது நூல்கள் சொல்லும் வழி. ஒரு குஞ்சின் எதிரொலி எவ்வளவு என்பதைத் தனிக் குஞ்சிடமிருந்துதானே பெற வேண்டும்? கூட்டத்தில் தனிக் குஞ்சு ஏது? தவிர, அடர்ந்த கூட்டத்தில் மேலே இருக்கும் குஞ்சுகள் ஒலியை வாங்கிக்கொள்வதால் அடியில் இருப்பவை நிழலில் மறைந்துபோகும்.

இருட்டியபின் கூட்டம் கலைகிறது. ஒவ்வொன்றும் தனியே நிற்கிறது. அப்போது தனி எதிரொலி கிடைக்கும், எண்ணிவிடலாம். ஏரிகளில் மீன் அளவு கணிக்கும் ஒலி ஆய்வுகள் பெரும்பாலும் இரவில் நடப்பது இதனால்தான். ஆனால் அப்போது கூட்டம் என்ற ஒன்றே அங்கே இல்லை. கூட்டம் இருக்கும்போது எண்ண முடியாது, எண்ண முடியும்போது கூட்டம் இல்லை. எந்த நிறுவனம் செய்த கருவியானாலும் இந்தச் சங்கடம் தீராது. இது மீனின் குணத்திலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் எக்கர்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் செய்த ஆய்வு இதற்குச் சரியான உதாரணம். அங்கே சாக்கை சால்மனின் இளம் மீன்கள் கடலுக்குப் போகுமுன் ஏரியில் வளர்கின்றன. பகலில் கூட்டம், இருட்டில் தனித்தனி. இரை தேடுவதில் பெரும்பகுதியை அவை அந்தியில் முடித்துக்கொள்கின்றன. பிற்பாடு கிளார்க், லெவி இருவரும் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். இளம் மீன் உண்ணும் சிறு மிதவை உயிர்களைக் காண மங்கல் ஒளி போதும். இளம் மீனை உண்ணும் பெரிய மீனுக்குத் தொலைவிலிருந்து பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் வேண்டும். விடியலிலும் அந்தியிலும் கொஞ்ச நேரம், தான் இரையைப் பார்க்கலாம், தன்னைப் பகை பார்க்காது என்ற ஒரு சாளரம் திறக்கிறது. குஞ்சுகள் அந்த நேரத்தைத் தவறவிடுவதில்லை. செக் நாட்டு நீர்த்தேக்கங்களில் குபேச்காவின் குழுவினர் பெர்ச் மீன் குஞ்சுகளைத் தொடர்ந்து பார்த்ததும் இதே திசையில்தான். பகலில் இருண்ட ஆழத்துக்கு இறங்கிவிடும் குஞ்சுகள், இரவில் மேல் அடுக்குக்கு ஏறிவருகின்றன. எதிரொலித் தாளில் மாலையில் ஒரு பட்டை மெல்ல மேலே சாய்ந்து ஏறிப் பின் புள்ளிகளாகச் சிதறுவதைக் கண்டவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நம் பக்கத்தில் இதைச் செய்து பார்க்கத் தோதான நீர் எது? மேட்டூர் 120 அடி. அது தூரம். பூண்டி பக்கத்தில் இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் முடிந்த சத்தியமூர்த்தி சாகர். 35 அடி, 3,231 மில்லியன் கன அடி என்று மழைக்காலத்தில் நாளேடுகள் தினமும் சொல்லி நமக்கு மனப்பாடம் ஆகிவிட்ட ஏரி. நிரம்பிய நாளில் அணையருகே பத்து மீட்டர் ஆழம் என்றால், ஏழு பாகை அகலமுள்ள ஒலிக்கற்றை அடியைத் தொடும்போது ஒன்றேகால் மீட்டர் வட்டமாக விரிந்திருக்கும். துடிப்பு போய்த் திரும்பப் பதின்மூன்று மில்லிநொடி. இது வேலைக்கு ஆகும் அளவு. மாலை நான்கு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை இயந்திரத்தை நிறுத்தித் துடுப்பால் ஒரே தடத்தில் போய்வந்தால், கட்லா, ரோகு விரலிகள் எப்போது கூடுகின்றன, எந்த ஒளியில் கலைகின்றன என்பது தெரிந்துவிடும். முதலில் கருவியை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு 38.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள டங்ஸ்டன் கார்பைடு குண்டை நைலான் நரம்பில் கட்டிக் கற்றைக்குள் தொங்கவிடுவார்கள். அதன் எதிரொலி எவ்வளவு என்பது முன்பே தெரியும். கடையில் விற்கும் மீன்காட்டிக்கு இந்தச் சடங்கு கிடையாது. அது படம் காட்டும், அளவு சொல்லாது. பார்க்கப் பழக அது போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையில் பணம் இல்லாத மாணவர்கள் அதில் தொடங்குவதில் தவறில்லை.

இதில் ஓர் ஆதாயமும் உண்டு. நீர்த்தேக்கங்களில் விரலிகளை இருப்பு விடுகிறோம். பல இடங்களில் அது விருந்தினர் வந்து சேரும் நேரத்தில், புகைப்படத்துக்கு நல்ல வெளிச்சமுள்ள நேரத்தில் நடக்கிறது. தொட்டியிலிருந்து வந்த விரலிக்கு ஏரியின் ஆழமும் தெரியாது, பகையும் தெரியாது. கூட்டம் கட்டிக்கொள்ளக் கொஞ்ச நேரமாவது வேண்டும். நீர்க்காகம் உச்சி வெயிலில் நன்றாகப் பார்க்கும். விட்ட பிறகு அவை எத்தனை மணி நேரத்தில் கூட்டம் கட்டுகின்றன என்று எதிரொலிமானியால் பார்த்துவிட்டு, விடும் நேரத்தை முடிவு செய்யலாம். மாலையே நல்லது என்பது என் ஊகம். ஊகத்தைச் சோதிக்க அதிகம் செலவாகாது.

பூண்டியிலிருந்து கிழக்கே பழவேற்காட்டுக்கு வந்தால் எல்லாக் கணக்கும் கவிழ்ந்துவிடுகிறது. வடக்கு தெற்காக அறுபது கிலோமீட்டர் நீண்ட ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில். ஆனால் ஆழம்? பல இடங்களில் இடுப்பளவு, முழங்காலளவு. சராசரியாக ஒரு மீட்டரை ஒட்டி. பூண்டியில் ஒன்றேகால் மீட்டர் விரிந்த அதே ஏழு பாகைக் கற்றை இங்கே அடியைத் தொடும்போது 12 சென்டிமீட்டர் வட்டம். படகின் அடியிலிருந்து ஒரு சொம்பு வாய் அளவுக்கு நீரைப் பார்த்துவிட்டு ஏரியைப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா? அதோடு, துடிப்பை அனுப்பிய கணத்தில் கருவியே சற்று நேரம் அதிர்ந்துகொண்டிருப்பதால், அதன் முகத்துக்கு முன்னே அரை மீட்டருக்கு வருவது நம்பத்தக்கதாக இராது. மீதி அரை மீட்டரில் சேற்றின் எதிரொலி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். படகைக் கண்ட குஞ்சுகளோ அதற்கு முன்பே விலகிப் போயிருக்கும். பெரிய நீர்த்தேக்கத்துக்கு வாங்கிய கருவியை அப்படியே பழவேற்காட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று சொல்லத்தான் இத்தனை எண்களையும் அடுக்கினேன்.

இங்கே வேறு வகை சோனார் வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில், கலங்கிய துறைமுக நீரில் பொருள்களைத் தேடும் தேவைக்காக எட்வர்ட் பெல்ச்சர் முதலியோர் டிட்சன் என்ற படச் சோனாரை உருவாக்கினார்கள். பிற்பாடு அலாஸ்காவில் ஆற்றில் ஏறும் சால்மனை எண்ண அது போனது. அதன் உயர் அதிர்வெண் 1.8 மெகா ஹெர்ட்ஸ். அலைநீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே கற்றைக்குப் பதிலாக 96 மெல்லிய கற்றைகள் விசிறி போல 29 பாகைக்கு விரிகின்றன. மேலும் கீழும் 14 பாகை. நொடிக்குப் பல படங்கள் வருவதால் திரையில் கறுப்பு வெள்ளைத் திரைப்படம் ஓடுவதைப் போலப் பார்க்கலாம். ஒளியே இல்லாமல், சேற்று நீரில்.

இதைப் பழவேற்காட்டு ஆழத்துக்குப் பொருத்திப் பாருங்கள். கருவியைத் தரையில் முக்காலியில் நிறுத்திக் கிடைமட்டமாகத் திருப்பினால், நான்கு மீட்டர் தொலைவில் அதன் கற்றை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் பிடிக்கும். நம் ஏரியின் ஆழமும் அதுவே. அகலம் இரண்டு மீட்டர். அதற்கப்பால் கற்றை நீர்ப்பரப்பிலும் சேற்றிலும் மோதிக் குழம்பத் தொடங்கும். ஒவ்வொரு கற்றையும் 0.3 பாகை, நான்கு மீட்டரில் அது இரண்டு சென்டிமீட்டர் அகலம். இரண்டு சென்டிமீட்டர் மடவைக் குஞ்சைத் தனியாகப் பிரித்தறிய அது போதாது. கூட்டத்தின் வடிவத்தையும், அது பிளப்பதையும் சேர்வதையும் பார்க்கப் போதும். விரலளவு வளர்ந்த பிறகு தனி மீனும் தெரியும். சங்கடம் முழுதாகத் தீரவில்லை, ஆனாலும் ஒரு பக்கம் நமக்குக் கிடைத்துவிட்டது: எண்ணிக்கையை விட்டுவிட்டு நடத்தையைப் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கழிமுக நீரில் இந்தக் கருவியை நிறுத்திப் பதிவு செய்ததை ஹான்டெகார்டு, பாஸ்வெல், கசின் முதலியோர் 2012-இல் 'கரன்ட் பயாலஜி' இதழில் எழுதினார்கள். இரை, சாளைக் குடும்பத்து மென்ஹேடனின் இளம் மீன்கள். வேட்டையாடியது நம் கத்தாழைக் குடும்பத்தைச் சேர்ந்த, புள்ளிகளுள்ள ஒரு மீன். வேட்டை மீன்கள் ஆளுக்கொரு பக்கம் பாயவில்லை. சேர்ந்து இயங்கிக் கூட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்தன. பெரிய கூட்டத்தில் ஒரு மூலையில் ஒரு குஞ்சு திரும்பினால் அந்தச் செய்தி, வேட்டை மீன் வரும் வேகத்தைவிட விரைவாக மறுமூலைக்குப் பரவுகிறது. துண்டான சிறு கூட்டத்தில் அந்தப் பரவல் வலுவிழக்கிறது. பிறகுதான் தனி மீன் அகப்படுகிறது. தொட்டியில் இதைக் காட்ட முடியாது. அத்தனை மீனும் அத்தனை இடமும் தொட்டியில் இல்லை. தெளிந்த கடலில் கேமராவால் காட்டலாம். கலங்கிய கழிமுகத்தில் ஒலியைத் தவிர வேறு வழி இல்லை.

பழவேற்காட்டில் இதைப் பார்க்கத் தனிக் காரணமே உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியும் காளங்கியும் நன்னீரைக் கொட்டும்போது ஆற்றுவாய்ப் பக்கம் உப்பு மறைந்துவிடுகிறது. கோடையில் வடபகுதி கடலைவிட உப்பேறி வற்றுகிறது. ஆற்றோடு அடித்துவரப்பட்ட கெண்டைக் குஞ்சும், கடலிலிருந்து ஏறிய மடவைக் குஞ்சும் சில வாரம் ஒரே நீரில் இருக்கின்றன. இரண்டும் கலந்து ஒரு கூட்டமாகின்றனவா, தனித்தனியாக நிற்கின்றனவா? பார்வை ஒரு சாண் கூட எட்டாத வெள்ள நீரில், கண்ணைக் கொண்டு கூட்டம் கட்டப் பழகிய குஞ்சுகள் பகலிலும் கலைந்து கிடக்கின்றனவா, உணர்கோட்டைக் கொண்டு சமாளிக்கின்றனவா? வாஷிங்டன் ஏரியின் பகல்-இரவு விதி தெளிந்த நீருக்கான விதி. நம் ஏரியில் வெள்ளக் காலத்துப் பகலும் நீருக்கடியில் ஒருவகை இரவுதான். முகத்துவாரம் தூர்ந்துபோகும் ஆண்டுகளில் கடல் குஞ்சுகளின் வரத்து எப்படி மாறுகிறது என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வி. முகத்துவாரத்துக்காகக் குரல் கொடுத்து வரும் குப்பங்களுக்கு அது வெறும் ஆராய்ச்சிக் கேள்வி இல்லை.

சோனாரால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். அது மீனின் பேர் சொல்லாது. மடவைக் குஞ்சா, பால்மீன் குஞ்சா என்று திரை காட்டித் தராது. காற்று பலமாக அடிக்கும் பிற்பகலில் அலை நீருக்குள் அமிழ்த்தும் குமிழிகள், காற்றுப்பையைப் போலவே எதிரொலித்து ஏமாற்றும். ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் வீச்சு வலை போட்டு, பிடித்ததைப் பார்த்துப் பேர் சொல்லித் திரும்ப விட ஆள் வேண்டும். இரண்டு சென்டிமீட்டர்க் குஞ்சைப் பார்த்ததும் இது இன்னது என்று என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த அவைக்கு வந்திருக்கும் மீனவர்களில் பலர் இருக்கிறார்கள். சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் பெண்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறேன். அவர்களுக்கு இதற்காகக் கொடுப்பது கூலியாக இருக்கட்டும்; நினைவுப் பரிசும் சால்வையும் வேண்டாம்.

கருவியை நிறுத்தும் இடம் குறித்து ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். குஞ்சுகள் உள்ளே ஏறுவதைப் பார்க்க முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத் தடங்கள்தான் நல்லவை. அந்தத் தடங்களுக்கு ஏற்கெனவே உரிமையாளர்கள் உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாடக்குப்பம் ஆகிய ஊர்கள் பாடு முறையில் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டு, முறை வைத்துச் சுத்து வலை போடுகின்றன. செபாஸ்டியன் மேத்யூ 1991-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையால் உலகின் மீன்வள நூல்களில் இந்த முறை இடம்பெற்றது. முக்காலியை அங்கே ஊன்றினால் அன்றைக்கு அந்த வலைக்காரரின் பாடு கெடும். ஆகவே மாணவர்கள் மீன்வளத் துறைக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன்னால், எந்த நாளில் எந்தத் தடம் யாருடைய முறை என்று மூன்று ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முறைக்காரர் சம்மதித்தால் அவருடைய அன்றைய வருமானத்தை ஆய்வுச் செலவில் முதல் வரியாகப் போடுங்கள். அவர் மறுத்தால் அன்று கருவியைக் கரையிலேயே வைத்துவிட்டு, லட்சுமிபுரம் அணைக்கட்டுக்கு மேலே ஆரணி ஆற்றில் இறக்குங்கள். அங்கே நீர் ஆழம், கெண்டைக் குஞ்சும் உண்டு.